கலிஃபோர்னியா மலைப் புதரை வெட்டித் தள்ளலாமா?

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பற்றிய பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீயில் 16,000-க்கும் அதிகமான கட்டடங்கள் எரிந்தன. மார்ச்சில் ஆளுநர் கேவின் நியூசம் அவசரநிலை அறிவித்து, தீக்கு இரையாகும் புதர், மரங்களை விரைந்து அகற்ற வசதியாகச் சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்தினார். எரிவதை வெட்டினால் தீ குறையும் என்றுதான் நமக்கும் தோன்றும். ஆனால் அந்தப் புதர் எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள்.

குளிர்காலத்தில் மட்டும் மழை, கோடை முழுக்க வறட்சி. அந்தச் சரிவுகளில் வளரும் புதர்க்காட்டுக்கு 'சாப்பரல்' என்று பெயர். அதில் நீலமும் வெள்ளையுமாகப் பூப்பது சியனோத்தஸ். (பூவைத் தண்ணீர்விட்டுக் கசக்கினால் நம் பூந்திக்கொட்டைபோல நுரை வரும்.) இதன் வேர் முடிச்சுகளில் 'ஃபிராங்கியா' என்ற நுண்ணுயிர் தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது. உங்கள் சவுக்குத் தோப்பின் வேரில் இருப்பதும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

சூபாபுல் விதையைச் சுடுநீரில் நனைத்து விதைக்கிறீர்கள் அல்லவா? சியனோத்தஸின் கெட்டியான விதைக்கு அந்த வேலையைத் தீ செய்கிறது. மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும் விதை, தீச்சூடு பட்ட பிறகு மழையில் முளைக்கும். சில வகைகளில் தாய்ச்செடி தீயில் அடியோடு மடிந்துவிடும். மறுதாம்பு வராது, விதை ஒன்றுதான் வழி. கன்றுகள் வளர்ந்து, காய்த்து, மண்ணில் போதிய விதை சேரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். அதற்குள் மறுபடி தீ வந்தால், விதைநெல்லைத் தின்றுவிட்ட குடும்பத்தின் கதிதான்.

காலியான இடத்தை ஐரோப்பாவிலிருந்து வந்த காட்டு ஓட்ஸ், புரோம் புற்கள் பிடித்துக்கொள்ளும். இவை கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, ஒரு பொறிக்கே பற்றும். புதரை மொத்தமாக வெட்டிச் சுரண்டினாலும் இதே புல்தான் வரும். அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வரும். புல்வேர் மேலோட்டமானது, பெருமழையில் சரிவைப் பிடித்து நிறுத்தாது.

வீட்டைச் சுற்றி 100 அடிக்குச் செடிகொடிகளைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லும் அம்மாநிலச் சட்டம் சரியானதே. ஆனால் ஜனவரியில் மணிக்கு 100 கி.மீ.-க்கும் வேகமாக வீசிய காற்று, தீப்பொறிகளை வெகுதூரம் தூக்கிச் சென்று வீடுகளின் மேல் போட்டது. எட்ட உள்ள மலைமுகட்டை மொட்டையடிப்பது அதைத் தடுக்காது. அந்தப் பணத்தைக் கூரைக்கும், பொறி புகும் காற்றுத் துவாரங்களுக்கும் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

அதே மலைத்தொடரில் 2018 நவம்பரில் வூல்சி தீ சுமார் 97,000 ஏக்கரை எரித்தது. அதற்குப் பின் முளைத்த செடிகளுக்கு 2025-இல் ஏழெட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. இப்போது அங்கே கத்தி வைத்தால், விழுவது இன்னும் விதை சேர்த்து முடிக்காத செடிகள்.