ஏறும் லொறி இறங்கவும் வேண்டும்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் மீண்டும் பயிர் செய்யத் தொடங்கியுள்ள நம் குடும்பங்கள் சில, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பணம் சேர்த்துப் பழைய லொறி ஒன்றை வாங்குகின்றன. தரகரின் கையை எதிர்பாராமல் வாழ இது நல்ல வழி. ஆனால் கினிகத்தேனையிலிருந்து வட்டவளை ஊடாக ஹட்டனுக்கு ஏறும் வீதியில் லொறி சுமையுடன் திணறும்போது, "டீசல் பம்பின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் இழுவை வந்துவிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இந்த யோசனைக்கு இணங்கக் கூடாது என்பது எமது கருத்து.

மலைநாட்டு ரயில் பாதையை 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு மேல் ஏறாதபடி அமைத்தார்கள். வீதியிலோ அதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு. அங்கே வேண்டியது வேகமல்ல. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும் இழுவை.

டீசல் எரியக் காற்று வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வலுவை இழக்கும். வட்டவளையின் உயரம் சுமார் 1,000 மீற்றர். ஆகவே கொழும்பில் இருந்த வலுவில் பத்தில் ஒரு பங்கு இங்கே இல்லை. காற்றுக் குறைந்த இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் அது சரியாக எரியாமல் கரும்புகையாகப் போகும். புகைவது நம் காசு. சூடேறிப் பிஸ்டனும் கெடும்.

முதலில் எஞ்சினுக்கு உரிய வலுவை மீட்க வேண்டும். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தல், வால்வு இடைவெளியையும் பம்பின் டைமிங்கையும் சரிபார்த்தல், இன்ஜெக்டர்களைச் சோதித்தல், டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை வடித்தல் ஆகியவை அவசியம். இறுகிப் பிடிக்கும் பிரேக்கும் காற்றுக் குறைந்த டயரும் கூட இழுவையைத் தின்னும்.

அதன் பின்னும் போதாவிட்டால், பின் அச்சிலுள்ள டிபரன்ஷியலின் பல் விகிதத்தை மாற்றலாம். சில்லு ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு 5 முறை சுற்றுவதை 6 முறையாக்கினால், சில்லில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். உச்ச வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். வளைவும் பனிமூட்டமும் நிறைந்த நமது வீதிக்கு அந்த வேகம் எதற்கு?

இதன் பெரிய பயன் இறக்கத்தில்தான். குறைந்த கியரில் எஞ்சினே லொறியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடேறிக் கைவிடாது. பம்பின் திருகாணி ஏற்றத்தில் மட்டும் உதவுவதுபோல் தோன்றும். இறக்கத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை.

இழுவை கூடியதும் இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்ற ஆசையும், மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றும் வழக்கமும் வரும். எஞ்சின் இழுத்தாலும் பிரேக்கும் ஸ்பிரிங்கும் பழையவைதான்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனின் உவமையை நாம் அறிவோம். லொறி பொதுச் சொத்து. ஒவ்வொரு பயணத்திலும் பழுதுபார்ப்புக்கு ஒரு தொகையை ஒதுக்குவோம். பம்பில் கை வைப்பதா, சுமை எவ்வளவு என்பதைச் சாரதியின் தலையில் போடாமல், பெண்களும் அமர்ந்த கூட்டத்தில் தீர்மானிப்போம். அந்த லொறியில் போவது நம் விளைச்சல் மட்டுமல்ல, நம் பிள்ளைகளும்தான்.