பச்சையைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள்

ஊரே காய்ந்து கிடக்கும்போது ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால், அங்குள்ள செடிகளுக்கு நீர் எங்கிருந்து கிடைக்கிறது?

பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கற்றுத் தந்தது துணைக்கோளப் படங்கள்தாம். ஊற்றுகள், சில சதுப்பு நிலங்கள், ஆற்றோரக் காடுகள் ஆகியவை மழை நின்ற பின்னும் நிலத்தடி நீரால் உயிர் வாழ்கின்றன. அவற்றின் வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால், மரங்கள் வாடிச் சாகும்.

இவற்றை வானிலிருந்து எப்படி அடையாளம் காண்பது? செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். வாடிய இலையில் இந்த வேறுபாடு குறையும். நீண்ட வறட்சியின் முடிவில் எடுத்த படங்களைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டால், விடாமல் பச்சையாக நிற்கும் இடங்கள் தெரியவரும். 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் துணைக்கோளங்களின் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களில் 10 மீட்டர் அளவுள்ள இடத்தையும் பார்க்கலாம். அவையும் இலவசமே.

கலிபோர்னியாவில் 2014இல் நிறைவேறிய நிலத்தடி நீர்ச் சட்டம், இத்தகைய இடங்களை அடையாளம் காணும்படி உள்ளூர் அமைப்புகளைக் கேட்கிறது. அதற்குத் துணைக்கோளப் படங்கள் பெரிதும் உதவின. அங்குள்ள சந்தா கிளாரா ஆற்றோரத்தில், கடும் வறட்சியின்போது நிலத்தடி நீர் இறங்க இறங்க மரங்கள் மடிந்ததை ஆய்வாளர்கள் இத்தகைய படங்களில்தான் கண்டறிந்தார்கள். 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு உலகின் வறண்ட பகுதிகளை வரைபடமாக்கியது. அங்குள்ள இத்தகைய இயற்கைச் சூழல்களில் பாதிக்கும் மேற்பட்டவை, நிலத்தடி நீர் குறைந்துவரும் வட்டாரங்களில் இருப்பதாக அது காட்டியது.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் நானும் முயன்றேன். ஆண்டின் தொடக்கத்தில் வடக்குக் கெடா வறண்டிருக்கும். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே, பிப்ரவரிப் படங்களில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. ஊற்றையே கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியோடு மோட்டார்சைக்கிளில் போய் இறங்கினேன். அது ஒரு காய்கறித் தோட்டம். அங்கிருந்த பாக்சிக் சிரித்துக்கொண்டே தம் குழாய்க் கிணற்றுப் பம்பைக் காட்டினார். நான் நினைத்தபடி அது நிலத்தடி நீர்தான். ஆனால், அதை மேலே கொண்டுவந்தது வேரல்ல, பம்பு!

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், வகுப்பில் புரியாத ஒன்று அங்கே புரிந்தது. பம்பும் மரமும் ஒரே நீரைத்தான் பங்கு போடுகின்றன. பாக்சிக்கின் பிழைப்பு தவறில்லை. ஆனால், பம்பு வைத்திருப்பவர் தமக்குத் தண்ணீர் போதவில்லை என்று வாய்விட்டுக் கேட்பார். மரத்தால் கேட்க முடியாது. அதற்காகப் பேசக்கூடியது சரியாக வரையப்பட்ட வரைபடம் மட்டுமே. தவறாக வரைந்தால், காக்க வேண்டிய காடு விடுபட்டு, காய்கறித் தோட்டம் இடம்பெற்றுவிடும்.

வறண்ட நாட்டு முறையை நம் நாட்டில் அப்படியே பின்பற்றவும் முடியாது. இங்கே பெரும்பாலான இடங்கள் ஆண்டு முழுதும் பச்சை. வானில் அடிக்கடி மேகம். பீட் எனப்படும் மட்கிய மண் நிறைந்த நம் சதுப்புக் காடுகளில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால், மண் காய்ந்து எளிதில் தீப்பற்றும். அங்கே மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களும், மண்ணில் குழாய் இறக்கி நீர்மட்டத்தை அளப்பவர்களும் சேர்ந்தே தேவைப்படுகிறார்கள்.

ஆகவே, புவியியல் பயிற்றியலில் மாணவர்கள் துணைக்கோளப் படத்தைத் திறந்து பார்ப்பதோடு நிற்கக்கூடாது என்பது என் கருத்து. அதில் குறித்த இடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்வருவதையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும்.

மடிக்கணினியும் இணையமும் உள்ள எந்த மாணவரும் இதை இன்றே தொடங்கலாம். உங்கள் ஊரின் படத்தைத் திறந்து, ஒரு பச்சைத் திட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஏமாந்து திரும்பினாலும் பரவாயில்லை. நான் கற்றதே அப்படித்தான்.