ஹான்ஸுக்கும் தடைதான்!

இ-சிகரெட் ஒன்று யாருடைய பேன்ட் பாக்கெட்டிலோ வெடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் ஊர்ப் பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: "அதைத்தான் இந்தியாவுல தடை பண்ணியாச்சே!" விழுப்புரம் டீக்கடை பெஞ்சிலும் இதுதான், திண்டிவனம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெற்றோர் வாயிலும் இதுதான். அரசாணை வந்த அன்றே பொருள் காற்றில் கரைந்துவிட்டது போன்ற நிம்மதி. இந்த நிம்மதியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஐயா, ஹான்ஸ் என்கிற மெல்லும் புகையிலைக்கும் தடைதான். 2013 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா போன்ற மெல்லும் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது. ஆண்டுதோறும் ஆணையைப் புதுப்பித்தார்கள்; 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இத்தனை கூத்துக்குப் பிறகும் மூட்டை மூட்டையாகக் குட்காவைப் பிடித்து, மூட்டைகளுக்குப் பின்னால் வரிசையாக நின்று போலீசார் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லாத பொருளையா பிடிக்கிறார்கள்?

இ-சிகரெட்டை 2018-லேயே தமிழக அரசு தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, டிசம்பரில் அது முழுச் சட்டமானது. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு, ஐந்து லட்சம். பதுக்கி வைத்தாலும் ஆறு மாதம் உண்டு. கடுமையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இ-சிகரெட் குழாய்க்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது இந்தச் சட்டத்தின் வேலை இல்லை. தடை செய்த பொருளுக்கு யார் தரம் வகுப்பார்கள்? விழுப்புரம் நேருஜி சாலையில் ஒரு செல்போன் வாங்கினால் அதன் பேட்டரியும் சார்ஜரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவானவையாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைப் பார்க்கலாம், பில் கேட்கலாம், சண்டை போடலாம். கள்ளத்தனமாக வரும் 'வேப்' எனும் இ-சிகரெட்டுக்குப் பதிவும் இல்லை, பில்லும் இல்லை, சண்டை போட ஆளும் இல்லை. பேட்டரியைப் பொறுத்தவரை தடை செய்த பொருள்தான் நாட்டிலேயே கட்டுப்பாடு இல்லாத பொருள்.

இந்தப் பேட்டரி என்ன செய்யும் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். உள்ளே இரண்டு மின்முனைகளுக்கு நடுவே முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் தீப்பற்றக்கூடிய திரவம். படலம் கிழிந்தாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ சூடு சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும். கழற்றி மாட்டும் உருளை பேட்டரியைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் பாக்கெட்டில் போட்டால், அந்தக் காசே மின்சுற்றை இணைத்துவிடும். போனில் பேட்டரி தட்டையானது. வேப் பலவற்றில் பலமான குழாய்க்குள் அடைத்த உருளை. அழுத்தம் பலவீனமான முனை வழியாகத்தான் வெளியேறும். முனைகளில் ஒன்று வாயில் இருக்கிறது. 2009 முதல் 2016 வரை இப்படி இ-சிகரெட் வெடித்த, தீப்பிடித்த 195 சம்பவங்களை அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது; அதில் 61 பாக்கெட்டில் நடந்தவை. "அனுமதி இருக்கிற அமெரிக்காவிலேயே வெடிக்குதே" என்று உடனே துள்ளுவார்கள். வெடிக்கிறது, அதை எண்ணுகிறார்கள். இங்கே தொடை வெந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வரும் கல்லூரிப் பையன் என்ன சொல்வான்? போன் வெடித்தது என்பான். தடைச் சட்டத்துக்குப் பயந்து காயமே பெயர் மாறிவிடும்.

"அப்போ கடை திறந்து விற்கச் சொல்றீங்களா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. நிகோடினுக்கு இன்னொரு வாசல் திறக்க யாரும் இங்கே வாதாடவில்லை. ஆனால் தடைக்குப் பிறகுதான் வேலை ஆரம்பம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். கள்ளச் சந்தை என்ன செய்யும் என்று பாருங்கள்: 2019-20இல் வேப் பிடித்தவர்களின் நுரையீரல் கெட்டு அமெரிக்காவில் 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகப் பிடிபட்டது, பெரும்பாலும் கள்ளச் சந்தைக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் இருக்கிறது. கள்ளச்சாராயம் அங்கே அனுமதிக்கப்பட்ட பொருளா என்ன? 2023 மே மாதத்தில் அந்தப் பெயரில் விற்ற மெத்தனாலைக் குடித்து விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் செத்தார்கள். புதுச்சேரி எல்லைச் சோதனைச்சாவடிகளில் சாராயப் பாட்டிலுக்காக டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள். பென்டிரைவ் அளவுள்ள வேப் சட்டைப் பையில் சிரித்துக்கொண்டே கடந்துவிடும்.

அனுமதியுள்ள பொருளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் நின்ற மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே மூன்று நிறுவனங்கள் 6,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெற்றன. டிசம்பரில் பேட்டரிச் சோதனை விதிகள் கடுமையாயின. தாமதம்தான். என்றாலும் திரும்பப் பெற ஒரு நிறுவனம் இருந்தது, சட்டையைப் பிடிக்க ஒரு முகவரி இருந்தது. பேட்டரியைத் தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோதான் அதன் கழிவையும் திரும்பப் பெற வேண்டும் என்கிறது 2022-ன் பேட்டரிக் கழிவு விதி. வேப்புக்கு இறக்குமதியாளர் யார்? கடத்தியவரா வந்து திரும்ப வாங்கிக்கொள்வார்? காலியான குழாய் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். அதைக் கையால் கிளறிப் பிரிப்பவர் திண்டிவனம் நகராட்சித் தூய்மைப் பணியாளர். நசுக்கிச் செம்பு எடுக்கப் பார்ப்பவர் காயலான் கடைக்காரர். தடை பண்ணியாச்சு என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஹான்ஸிடமாவது ஒரு நல்ல குணம் உண்டு. பிடித்த மூட்டைகளைக் குழி தோண்டிப் புதைக்கலாம், இல்லை கொளுத்திவிடலாம். பிடித்த வேப்புகளை எங்கே வைப்பார்கள்? காவல் நிலையத்தில், வழக்குச் சொத்து அறையில், பழைய கோப்புக் கட்டுகளுக்குப் பக்கத்தில். வழக்கு முடிகிற வரை அந்த லித்தியம் அங்கேயே காத்திருக்கும். முடிந்த பிறகு, பழக்க தோஷத்தில் அதையும் யாராவது கொளுத்தப் போனால், தயவுசெய்து படம் எடுப்பவர்களாவது கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.