உடைந்த உறுப்பு

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதனை நினைப்பார் எவருமிலர். நின்ற பின்னரே அதனுள் என்ன இருக்கிறது என்னும் வினா எழுகின்றது. மோட்டார் வண்டி தோன்றிய நாள் தொட்டே, அதனைச் செலுத்துவோர் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டும் வந்துள்ளனர். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனி நாட்டுப் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் ஆக்கிய வண்டியில் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரினின்று போர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியிற் செருகியிருந்த ஊசியைக் கொண்டே அம்மையார் அதனைக் குத்தித் திறந்தார்.

ஆனால் அடைப்பு வேறு, உடைவு வேறு. அடைப்பு நீங்கினால் பழைய நிலை மீளும். உடைந்த உறுப்போ மீளாது. அதனாலேயே பலர், உறுப்பு உடைந்தவுடன் அதனைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடிந்தது என்று கருதுகின்றனர். கடையிற் பொருள் கிடைக்கும் காலத்தில் ஆராய்ச்சி எதற்கு என்பது அவர்தம் வாதம். நோயாளிக்கு என்ன நோய் என்று பாராமலே மருந்து கொடுக்கும் மருத்துவனை அவர்கள் ஏற்பார்களா? உடைத்த காரணம் உள்ளேயே இருக்குமாயின், புதிய உறுப்பும் பழையதன் வழியே போகும்.

வீட்டில் வண்டியைப் பழுது பார்ப்போர் பெரும்பாலும் எதிர்ப்படும் உடைவு, போல்ட்டு என்று பட்டறையில் வழங்கும் மரையாணியின் உடைவேயாம். துருப்பிடித்த ஆணியைக் கழற்ற முயல்கையில் தலை மட்டும் கையோடு வந்துவிடும். உடல் இயந்திரத்தினுள் தங்கிவிடும். அப்பொழுது எழும் சினமே முதற் பகை. சுத்தியலை எடுத்தவர் ஒரு போல்ட்டின் செலவை ஓர் இயந்திரத்தின் செலவாக ஆக்கிக்கொள்கின்றார். செய்யத்தக்கது, துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருத்தல். உருளையின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனதாயின் சூடும் துணை செய்யும்; ஒரே அளவு வெப்பத்தில் அலுமினியம் எஃகினைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், துளை அகன்று ஆணியின் பிடி தளரும். பெட்ரோல் தொட்டியையும் குழாயையும் அகற்றாமல் நெருப்பைக் கொணர்வது அறிவின்மை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆணி சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டினை வைத்துப் பற்றவைத்துத் திருகலாம். உள்ளே அமிழ்ந்திருந்தால் துளைக்கத்தான் வேண்டும். நட்ட நடுவிற் புள்ளியிட்டு, முதலில் சிறிய துளையும் பின்னர்ப் பெரிய துளையும் இடுதல் முறை. புள்ளி ஒரு மயிரளவு விலகினாலும், துளைக்கும் அலகு வலிய எஃகை விட்டு மெல்லிய அலுமினியத்தின் பக்கம் சாய்ந்துவிடும். இடப்புறம் சுழலும் அலகினாற் துளைத்தால், துளைக்கும்போதே ஆணி தானாகக் கழன்று வருவதும் உண்டு. ஆணியைப் பிடுங்குவதற்கென்றே கடையில் விற்கும் திருகுக் கருவி கடினமானது. ஆயின் எளிதில் முறிவது. அது உள்ளே முறிந்துவிட்டால், சாதாரண அலகு அதனைத் தொடவும் இயலாது. கை வலிமையை அக்கருவியின்மீது காட்டுவோர் ஒரு துன்பத்தை இரண்டாக்குகின்றனர்.

இயந்திரத்தின் உள்ளே உடைந்தவற்றை இன்னும் விழிப்போடு நோக்க வேண்டும். பிஸ்டனைச் சூழ்ந்த வளையம் முறிந்தால், துண்டுகளையெல்லாம் ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, உடைந்த மண்பாண்டத்தைப் பொருத்துவது போலப் பொருத்திப் பார்த்தல் நன்று. ஒரு துண்டு குறைந்தால் அது எங்கோ இருக்கின்றது. எண்ணெயை வடித்துத் துணியில் வடிகட்டித் தேடவேண்டும். காந்தம் இரும்பை மட்டுமே இழுக்கும். பிஸ்டனின் அலுமினியச் சிதறலை அது காட்டாது. அத்துண்டு கிடைக்கும் வரையில் இயந்திரத்தை மூடுதல் கூடாது.

உடைந்த முகமும் ஒரு சான்றே. ஒரே அடியில் முறிந்த உறுப்பின் முகம் முழுதும் ஒருசேரக் கரடுமுரடாக இருக்கும். நாட்பட்ட களைப்பால் முறிந்ததிலோ, ஒரு மூலையிலிருந்து கடற்கரை மணலில் அலை விட்ட வரிகள் போன்ற வரிகள் படர்ந்திருக்கும். கடைசியில் முறிந்த இடம் மட்டும் சொரசொரப்பாகக் காணும். இவ்வுண்மையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகைவண்டியின் எஞ்சின் அச்சு மெதோன் அருகே முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓட்டத்தின் அதிர்ச்சியால் இரும்பின் உள்ளியல்பே படிகமாக மாறிவிடுகின்றது என்று அக்காலத்தார் பலர் நம்பினர். ஸ்காட்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ராங்கின் முறிந்த அச்சுகளை எடுத்துப் பார்த்து, விரிசல் கூர்மையான மூலைகளிலே தொடங்கி மெல்ல உள்நோக்கி வளர்வதை 1843-இல் எடுத்துரைத்தார். பின்னர் ஜெர்மானியரான வோலர் பல்லாண்டு சோதித்து, ஒருமுறை தாங்கும் சுமையையும் பன்முறை மீண்டும் மீண்டும் ஏற்றினால் இரும்பு முறியும் என்று காட்டினார். முறிந்த அச்சுகளை யாரும் எடுத்துப் பாராதிருந்தால் அந்த அறிவு எங்கிருந்து வந்திருக்கும்?

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதும் பொருந்தாது. எண்ணெய்த் தொட்டியின் மூடியில் விழுந்த கீறலை ஒட்டுப்பசையால் அடைத்து ஊர் போய்ச் சேரலாம். பிஸ்டனைத் தாங்கும் தண்டையோ, தடையின் உறுப்பையோ, திசை திருப்பும் கோலையோ பசையாலும் பற்றவைப்பாலும் இணைத்து ஓட்டுவது, தன் உயிரோடு எதிரே வருவோர் உயிரையும் பணயம் வைப்பதாகும். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பதும் எளிதன்று. முன்னரே சூடேற்றிப் பின்னர் மெல்ல ஆறவிடாவிடின், பற்றவைத்த இடத்திற்கு அருகிலேயே புதிய விரிசல் தோன்றும். இவ்வகை வேலைக்குக் கைதேர்ந்த தொழிலாளரை நாடுவதில் இழிவொன்றுமில்லை.

கடைக்குச் செல்லும்போது உடைந்த உறுப்பையும் உடன் கொண்டு செல்லல் வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளுள் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர் உள்ளனவும் 1 மில்லிமீட்டர் உள்ளனவும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாறியதை வலிந்து திருகினால் இயந்திரத்தின் மரை அழியும். கடைக்காரர் பழைய துண்டின் பள்ளத்தில் புதியதன் மரையைப் படியவைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையிற் கொடுப்பார்.