சொடுக்க மறுக்கும் பலகை

மடிக்கணினியில் எழுதுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். கட்டுரை, மெய்ப்புத் திருத்தம், மடல் எல்லாம் அதிலேயே நிகழ்கின்றன. ஆயினும் அதன் டச்பேட் ஒழுங்காகச் சொடுக்காமற் போனால் நாம் செய்வது ஒன்றுதான்: இன்னும் வலுவாக அழுத்திப் பார்க்கிறோம். இவ்வழக்கம் பயனற்றது மட்டுமன்று, சில வேளைகளில் ஆபத்தானதும்கூட என்பதே நம் கருத்து.

முன்னர் டச்பேடின் கீழே இரு பொத்தான்கள் தனியே இருந்தன. 2008-இல் வந்த ஆப்பிளின் அலுமினிய மேக்புக்கில் அவை மறைந்து, பலகை முழுவதுமே பொத்தானாயிற்று. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இத்தகைய பலகைகளுள் பல, மேல்விளிம்பில் கீல் கொண்டவை. ஆகவே விசைப்பலகையை ஒட்டிய பகுதியில் சொடுக்கு எளிதில் விழாது, கீழ்ப்பகுதியில்தான் விழும். இது பழுதன்று, அமைப்பு. 2015 முதல் ஆப்பிள் கையாளும் வகையிலோ பலகை கீழிறங்குவதே இல்லை. விரலின் அழுத்தத்தை உணர்ந்து, சிறு அதிர்வால் சொடுக்கிய உணர்வை மட்டும் தருகிறது. கணினி அணைந்திருக்கையில் அது கல்லாய்க் கிடப்பது கண்டு கலங்க வேண்டுவதில்லை.

மெய்யான பழுதெனில் எளியவற்றிலிருந்து தொடங்குவதே முறை. ஈரமும் பிசுக்கும் போகத் துடைத்து, கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கலாம். பின்னர், மெல்லத் தட்டினாலே சொடுக்காகும் வசதியை அமைப்புகளில் இயக்கிப் பார்க்கலாம். தட்டலுக்கும் இணங்காவிடில், டச்பேடை அணைக்கும் விசை தவறுதலாக அழுந்தியதா, டிரைவர் சீராக உள்ளதா என்று நோக்க வேண்டும். தட்டலுக்கு இணங்கி அழுத்தலுக்கு மட்டும் இணங்காவிடில், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இல்லை. பலகையில், அல்லது அதன் அடியில் இருக்கிறது.

அந்த அடியில்தான் பல கணினிகளில் பேட்டரி இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி மூப்படைந்தாலோ சேதமுற்றாலோ உள்ளே வாயு திரண்டு உப்பக்கூடும். உப்பிய பேட்டரி பலகையைக் கீழிருந்து நெருக்க, சொடுக்கு இறுகிப்போகும். அல்லது தானாகவே விழும். மேசைமேல் வைத்தால் கணினி ஆடுகிறதா, பலகை ஒருபுறம் மேலெழுந்துள்ளதா, மூடி முன்போல் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐயம் எழுந்தால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே தக்கது. அழுத்துவதும் குத்துவதும் தீயை அழைப்பதாகும்.

முன்பு கணினியின் அடியிலுள்ள தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கழன்று கைக்கு வந்துவிடும். உப்பினால் கண்ணாலேயே காணலாம், மாற்றலாம். மெலிந்த உடலுக்காக அதைப் பல மாதிரிகளில் உள்ளே வைத்துப் பசையிட்டு ஒட்டிவிட்டனர். மெலிவால் சுமை குறைந்தது உண்மையே. ஆனால் ஆபத்தின் அறிகுறியை நம் கண்ணுக்கு மறைத்து, 'டச்பேட் கோளாறு' என்னும் மாற்றுருவில் காட்டுவது நியாயமான விலையன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குவிதி, சில விலக்குகள் நீங்கலாக, இத்தகைய பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என விதித்து, அதற்கு 2027 பிப்ரவரி 18 என நாளும் குறித்தது. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. தளம் தகவல் தரும். கட்டாயப்படுத்துவது சட்டம் மட்டுமே. அதுவரையில், கடையில் திரையின் அளவையும் விலையையும் கேட்கும் நாம், பேட்டரியை எளிதில் மாற்றலாமா என்பதையும் கேட்டுப் பழகுவோம்.