ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து, தட்டில் கீரை: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

அம்மாவோ அப்பாவோ சித்தூரிலோ நகரியிலோ இருக்கிறார்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீர்கள். மாதம் ஒருமுறை லேபிலிருந்து ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஐ.என்.ஆர் 2.8 என்று போட்டு, பக்கத்திலேயே சிவப்பில் 'ஹை' என்று இருக்கிறது. நார்மல் அளவு 0.8 முதல் 1.2 வரை என்கிறது அதே தாள். உடனே போன் போட்டு, "இன்னைக்கு அந்த மாத்திரையைப் போடாதீங்கம்மா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறீர்கள்.

அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இதயத்தில் செயற்கை வால்வு இருப்பவருக்கு இது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய அறிவுரை. அந்த சிவப்பு எழுத்து, மாத்திரையே எடுக்காத ஒருவரோடு ஒப்பிட்டு லேப் மென்பொருள் தானாகப் போடுவது. உங்கள் அம்மாவின் ஐ.என்.ஆர் 'ஹை'யாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாத்திரையே தருகிறார்கள். 1.1 என்று 'நார்மலாக' வந்தால்தான் பதற வேண்டும்.

சரி, இந்த நம்பர் என்ன கணக்கு?

பிளட் தின்னர் என்று சொன்னாலும் ரத்தம் ஒன்றும் தண்ணீராக நீர்த்துப் போவதில்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கிறது. வார்ஃபரினும், நம் ஊரில் அசிட்ரோம் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான அசினோகூமராலும் அந்த வைட்டமினை மறுபடி பயன்படுத்த விடாமல் தடுக்கின்றன. உறைவதற்கு நேரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை முன்பு வினாடிக் கணக்கில் மட்டும் சொன்னார்கள். ஒவ்வொரு லேபும் வெவ்வேறு ரசாயனத்தைப் பயன்படுத்தியதால் ஒரே ரத்தத்துக்கு வேறு வேறு வினாடி வந்தது. அதைச் சரிசெய்ய, உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல்தான் ஐ.என்.ஆர். திருப்பதியில் எடுத்ததையும் வேலூரில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது இதனால்தான். என்றாலும் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். முடிந்தவரை ஒரே லேபில் எடுப்பது நல்லது.

கால் நரம்பில் ரத்தக்கட்டி, வால்வுக் கோளாறில்லாத இதயத் துடிப்புச் சீர்கேடு ஆகியவற்றுக்கு இலக்கு பொதுவாக 2 முதல் 3. மிட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5. யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அந்த இலக்கை அவரிடம் கேட்டு ரிப்போர்ட் ஃபைலின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். லேப் தாளில் அது இருக்காது. இலக்குக்குக் கீழே போனால் கட்டி உருவாகும் ஆபத்து, 4.5, 5 என்று தாண்டினால் ரத்தக்கசிவு ஆபத்து வேகமாக ஏறும்.

புது மாத்திரைக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை போகாதா?

பலருக்குப் போய்விட்டது. டெஸ்டும் வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம் என்ற ரிவரோக்சபன், அபிக்சபன் போன்ற மருந்துகளின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைகள் வந்துவிட்டன. டபிகாட்ரான் 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. "பக்கத்து வீட்டு அங்கிள் டெஸ்ட்டே எடுக்கறதில்லையே" என்று அம்மா கேட்பது இதனால்தான்.

ஆனால் வால்வு நோயாளிகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. உலோக வால்வு வைத்தவர்களிடம் டபிகாட்ரானைச் சோதித்தபோது ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடின. ஆய்வைப் பாதியில் நிறுத்தி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவகை வால்வில் அபிக்சபனைச் சோதித்த ஆய்வும் 2022-ல் பாதியில் நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமானது அதே ஆண்டில் வந்த இன்விக்டஸ் ஆய்வு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் அதன் முக்கிய ஆய்வாளர்களில் ஒருவர். ருமாட்டிக் இதய நோயோடு துடிப்புச் சீர்கேடும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்கள் 24 நாடுகளிலிருந்து பங்கேற்றார்கள். சராசரி வயது 50 சொச்சம். நான்கில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவாகப் பெண்கள். புது மருந்தான ரிவரோக்சபன் ஜெயிக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பழைய மாத்திரை எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது.

ருமாட்டிக் இதய நோய் என்பது சின்ன வயதில் வந்த தொண்டைத் தொற்றைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதன் நீண்ட நிழல். வசதி குறைந்த வீடுகளைத்தான் அது அதிகம் பிடிக்கும். ஆக, டெஸ்டே தேவையில்லாத மருந்து நகரத்து அங்கிளுக்கும், டெஸ்ட் இல்லாமல் வாழவே முடியாத மருந்து கூலி வேலைக்குப் போகும் அக்காவுக்கும் என்று பிரிந்து நிற்கிறது.

ஆபரேஷனுக்குப் பணம் உண்டு, அதற்குப் பிறகு?

இந்தப் பகுதிக்கு ஆஸ்பத்திரி பஞ்சம் இல்லை. திருமலை திருப்பதி தேவஸ்தான ஆதரவில் 1993-ல் செயல்படத் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. குழந்தைகளின் இதய சிகிச்சைக்கு 2021 அக்டோபரில் ஸ்ரீ பத்மாவதி ஹிருதயாலயா வந்தது. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி. 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கி இப்போது டாக்டர் என்.டி.ஆர் வைத்திய சேவா என்று அழைக்கப்படும் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் பெரிய ஆபரேஷன்களுக்குக் கைகொடுக்கிறது. சில சிகிச்சைகளுக்குத் தொடர் கவனிப்பும் அதில் உண்டு. வால்வின் விலையையும் இந்தியா ஒருவழியாகச் சமாளித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஐ.என்.ஆர் டெஸ்ட் ஓராண்டோடு முடியும் சமாசாரம் இல்லை. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, நிலையான பிறகு மாதம் ஒருமுறை என்று ஆயுள் முழுக்க நீள்வது. குப்பத்திலிருந்து திருப்பதி 150 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு சொட்டு ரத்தத்தில் நம்பர் பார்க்க ஒரு நாள் கூலி, பஸ் காசு, கூட ஒரு ஆள். ஆபரேஷனை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, அதைக் காப்பாற்றும் நம்பரைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பகுதி ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நம்பகமான ஐ.என்.ஆர் டெஸ்ட் இலவசமாகக் கிடைப்பது இன்னொரு பெரிய கட்டடத்தைவிட இவர்களுக்கு உதவும் என்பது என் எண்ணம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அதன் ஸ்ட்ரிப் விலை, மாதா மாதம் தனியாக வாங்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

கீரையை நிறுத்தணுமா?

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவசரமாகச் சொல்லப்படும் "கீரை சாப்பிடாதீங்க" என்ற ஒற்றை வரி பல வீடுகளில் சட்டமாகிவிடுகிறது. ராகி சங்கட்டியும் தோட்டகூர பப்பும் கோங்குராவும் முருங்கைக்கீரையும் அன்றாடச் சாப்பாடாக இருக்கும் ஊரில் இது சின்ன இழப்பு இல்லை. அதோடு, அது தேவையும் இல்லை.

கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பது உண்மைதான். 100 கிராம் பச்சைப் பசலைக்கீரையில் சுமார் 480 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானதாக அமெரிக்கக் கணக்கு சொல்வது ஆண்களுக்கு 120, பெண்களுக்கு 90. ஆனால் டோஸ் என்பது நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஏற்பத்தான் நிர்ணயிக்கப்படுகிறது. வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை என்றால் எப்போதும் அதே அளவு இருக்கட்டும். இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் கடைந்து சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆரைக் கீழே தள்ளும். சுத்தமாகச் சாப்பிடாதவர்களுக்கு வேறொரு சிக்கல்: உடம்பில் வைட்டமின் கே இருப்பே குறைந்து, சின்ன மாற்றத்துக்கும் நம்பர் ஆடும். அப்படி ஆடிக்கொண்டே இருந்த 70 பேரில் ஒரு பகுதியினருக்கு பிரிட்டனில் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தே நிலைப்படுத்திப் பார்த்தார்கள், 2007-ல். பிறகு வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள்.

இன்னொரு பக்கம், சாப்பாடு குறைந்தால் நம்பர் ஏறும். புரட்டாசி சனிக்கிழமை விரதம், காய்ச்சலில் நான்கு நாள் வெறும் கஞ்சி, வயிற்றுப்போக்கு எல்லாமே இதில் சேரும். மாம்பழத்துக்குப் பெயர் போன சித்தூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: நிறைய மாம்பழம் சாப்பிட்ட 13 வார்ஃபரின் நோயாளிகளின் ஐ.என்.ஆர் சராசரியாக 38 சதவீதம் ஏறியதாக 2002-ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 13 பேரை வைத்து சீசனையே தியாகம் செய்யச் சொல்ல முடியாது. ஒரு பழம் சாப்பிடுகிறவர் திடீரென்று நான்குக்குப் போக வேண்டாம், அவ்வளவே.

உண்மையில் சாப்பாட்டைவிடப் பெரிய வில்லன் மெடிக்கல் ஷாப். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் என்று சீட்டில்லாமல் வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து ஏறும். டி.பி-க்கான ரிஃபாம்பிசின் ஐ.என்.ஆரைத் தலைகீழாக இறக்கும். எந்தப் புது மருந்து தொடங்கினாலும் நிறுத்தினாலும் சில நாட்களில் ஒரு டெஸ்ட் அவசியம். அசிட்ரோமுக்குப் பதில் வார்ஃபரின் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் மில்லிகிராம் கணக்கு வேறு.

தூரத்தில் இருந்து நீங்கள் என்ன செய்யலாம்?

தேதி, ஐ.என்.ஆர், அன்றைய டோஸ் என்று மூன்றே பத்தியில் ஒரு நோட்டு. திங்கள் 2, செவ்வாய் 3 என்று டோஸ் மாறி மாறி இருந்தால் மாத்திரைப் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் சேர்ந்து நிரப்புங்கள். ஒரு வேளை மறந்தால், அன்றே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் இரட்டையாகப் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கில் ரத்தம் நிற்காவிட்டாலோ, திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ டெஸ்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். டூவீலரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

மாத்திரை எடுப்பது உங்கள் தங்கையோ மனைவியோ என்றால் இன்னொன்று. வார்ஃபரினும் அசினோகூமராலும் கருவைப் பாதிக்கக்கூடியவை, குறிப்பாக 6 முதல் 12-வது வாரம் வரை. ஆனால் நாள் தள்ளிப்போனதும் பயந்து தானாக நிறுத்தினால் வால்வில் கட்டி வரும். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

திருமலை வேண்டுதல் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அலிபிரி வழியில் 3,550 படிகள். வால்வு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நடந்து ஏற வேண்டாம், பஸ் இருக்கிறது. மொட்டை போடலாம். நாவிதரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், புது பிளேடா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீறல் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவு டோஸைக் கியூவில் நிற்கும்போது மறக்காமல் இருக்க, மாத்திரையைப் பெட்டியோடு லாக்கரில் வைத்துவிடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.