ஆக்ஸ்போர்டின் பெரிய வீடும் கொல்லைப்புறத்துச் சிறு வீடும்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ராஜ்யத்தில், ஆக்ஸ்போர்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. நடுவே ஒரு நீதிமன்றம், அதைச் சுற்றிக் கடைவீதி, ஓரத்தில் ஒரு பல்கலைக்கழகம் என்ற அளவில் அடங்கிவிடும் ஊர்தான் என்றாலும், வில்லியம் ஃபாக்னர் தம் நாவல்களில் ஜெஃபர்சன் என்ற புனைபெயர் சூட்டி அதைச் சிரஞ்சீவியாக்கிவிட்டபடியால், இலக்கிய அபிமானிகள் பல தேசங்களிலிருந்தும் அங்கே யாத்திரை செல்கிறார்கள்.

அவ்வூரின் பிரசித்தமான இல்லங்களுள் ஒன்று எல். க்யூ. சி. லாமருடையது. 1861இல் மிசிசிப்பி அமெரிக்க ஐக்கியத்திலிருந்து பிரிவதற்கான சாஸனத்தை எழுதிய அவரே, பிற்காலத்தில் செனட் அங்கத்தினராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். ஆயினும் யாத்திரிகர்கள் நாடுவது ஃபாக்னரின் ரோவன் ஓக் என்ற வீட்டையே. 1840களில் ராபர்ட் ஷீகாக் என்ற பண்ணைப் பிரபு கட்டிய அந்த மாளிகையை, மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இன்றிச் சிதிலமாகிக் கிடந்த நிலையில், 1930இல் ஃபாக்னர் வாங்கி, பெரும்பகுதியைத் தம் கையாலேயே செப்பனிட்டு, 1962இல் காலமாகும் வரை அதில் வாழ்ந்தார். ‘எ ஃபேபிள்’ என்ற நாவலின் கதைப்போக்கை நாள்வாரியாக அவர் எழுதிவைத்த சுவர் இன்றும் அங்கே இருக்கிறது. 1972இல் பல்கலைக்கழகம் அவ்வீட்டை ஏற்றுப் போற்றி வருவது பாராட்டுக்குரிய கைங்கரியம்.

ஆனால் ஷீகாக் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பதையும், மாளிகையின் பின்புறத்தில் கரோலின் பார் என்ற மாதரசி வசித்த சிறு வீடு நிற்கிறது என்பதையும் சேர்த்து நினையாதவர், ரோவன் ஓக்கைப் பாதியே பார்த்தவராவார். அடிமையாகப் பிறந்து, ஃபாக்னரையும் அவர் சகோதரர்களையும் குழந்தைப் பருவத்தில் வளர்த்து, பழங்கதைகள் சொல்லி, ஏறத்தாழ நூறு பிராயத்தில், 1940இல், அவ்வம்மையார் மறைந்தபோது, ஃபாக்னர் தம் வீட்டுக் கூடத்திலேயே சவ அடக்கச் சடங்கை நடத்தி, தாமே இரங்கலுரை நிகழ்த்தினார். 1942இல் வெளியான ‘கோ டவுன், மோசஸ்’ நூலையும் அவருக்கே சமர்ப்பணம் செய்தார். அதில் ஒரு பேரன் தன் குடும்பத்துக் கணக்குப் புஸ்தகங்களைப் புரட்டி, பாட்டனார் அடிமைப் பெண்களுக்கு இழைத்த பாவங்களை அறிந்து, பிதிரார்ஜிதத்தையே துறந்துவிடுகிறான். தாம் உரிமை கொண்டாடிய வீட்டின் கணக்கும் அவ்விதமே பரிசீலிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஆசிரியரே விட்டுச் சென்ற அனுமதியாக இதை நான் கொள்கிறேன். பல்கலைக்கழகத்தார் சிலர் ஷீகாக் வீட்டு அடிமைகளைப் பற்றி ஆராய முற்பட்டிருப்பது, அக்காரணத்தால், ஃபாக்னருக்கு அவமரியாதை ஆகாது. அவர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியே ஆகும்.

ஆக்ஸ்போர்டிலேயே, விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறிய பகுதியில், அவர்களுடைய சபையார் 1910இல் எழுப்பிய பர்ன்ஸ் தேவாலயமும் இப்பொழுது கறுப்பின மக்களின் சரித்திரத்தைச் சொல்லும் காட்சிசாலையாகியிருக்கிறது. லாமர் இல்லத்துக்குக் கிடைக்கும் அதே கௌரவம் இதற்கும் உரியது.

ஆகவே ஆக்ஸ்போர்டுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் தமிழன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: முதலில் கொல்லைப்புறத்துச் சிறு வீட்டைப் பாருங்கள், கதை எழுதிய சுவருள்ள அறைக்கு அதன் பிறகு செல்லுங்கள்.